திறன் பயிற்சி மையம் நடத்தும் அறக்கட்டளைகள் பணத்தில் இடறும் இடங்கள்

தையல், டூ வீலர் மெக்கானிக், செவிலியர் உதவியாளர், டேட்டா என்ட்ரி என்று ஊர்ப் பிள்ளைகளுக்கு இலவசமாகத் தொழில் கற்றுத்தரும் அறக்கட்டளைகளும் சங்கங்களும் தமிழ்நாட்டில் தாலுகாவுக்குத் தாலுகா இருக்கின்றன. வகுப்பு நன்றாக நடக்கும், பிள்ளைகள் வேலைக்கும் போவார்கள். ஆனாலும் டிரெய்னருக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி, கட்டட உரிமையாளர் வாடகையை அட்வான்ஸிலிருந்து கழித்துக்கொள்ளும் நிலை. இப்படி மூடிய மையங்களின் கணக்கைப் பிரித்துப் பார்த்தால், நிதியே கிடைக்காமல் மூடியவை குறைவு. வர வேண்டிய பணம் வருவதற்குள் மூச்சு முட்டியவையே அதிகம்.

பணி ஆணையைக் கையில் வந்த பணமாக எண்ணுவது

எல்லாச் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. பணி ஆணை என்பது இத்தனை பேருக்குப் பயிற்சி கொடுங்கள் என்று அரசு தரும் உத்தரவு மட்டுமே. அரசுத் திட்டங்கள் தவணையாகப் பணம் தருகின்றன. பிந்திய தவணைகள் நாம் முடித்துக் காட்டிய பிறகே வரும். மத்திய திறன் மேம்பாட்டு அமைச்சகம் 2015இல் வெளியிட்ட பொது விதிமுறைகளில் 30, 50, 20 சதவீதம் என்று மூன்று தவணை: பேட்ச் தொடங்கும்போது முதலாவது, பயிற்சி முடிந்து சான்றிதழ் கிடைத்தபின் இரண்டாவது, வேலையில் சேர்த்துக் காட்டியபின் மூன்றாவது. கிராமப்புற இளைஞர்களுக்கான தீன்தயாள் உபாத்யாய திட்டத்தின் பழைய விதியில் 25, 50, 15, 10 என்று நான்கு. பிறகு திட்டத்துக்குத் திட்டம், ஆண்டுக்கு ஆண்டு விகிதங்கள் மாறியிருக்கின்றன. உங்கள் பணி ஆணையில் உள்ள விகிதத்தைப் போட்டுக் கீழே உள்ள கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

2015 விதியின் முதல் பிரிவுக் கட்டணம் பயிற்சி பெறும் ஒருவருக்கு மணிக்கு 38.50 ரூபாய். 400 மணி நேரப் பயிற்சி, 30 பேர் என்றால் மொத்தம் 4,62,000. முதல் தவணை 1,38,600, இரண்டாவது 2,31,000, மூன்றாவது 92,400. வாடகை, இரண்டு டிரெய்னர், மைய மேலாளர், மின்சாரம், பொருள்கள் எல்லாம் சேர்த்து மாதம் 1,20,000 செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் வகுப்பு எடுத்தால் ஞாயிறு, பண்டிகை போக 400 மணி நேரம் முடிய ஏறக்குறைய மூன்று மாதம். அதற்குள் 3,60,000 செலவாகியிருக்கும், கைக்கு வந்தது 1,38,600. இடைவெளி 2,21,400.

அடுத்து மதிப்பீடு, சான்றிதழ், ஆவணச் சரிபார்ப்பு. இரண்டாம் தவணைக்காகக் காத்திருக்கும் நேரத்தில் மையத்தைச் சும்மா வைக்க முடியாது என்று அடுத்த பேட்ச் தொடங்கும். ஆறு மாத முடிவில் செலவு 7,20,000, வரவு இரண்டு பேட்சின் முதல் தவணையும் சேர்ந்து 2,77,200, இடைவெளி 4,42,800. பேட்ச் கூடக்கூடப் பள்ளமும் ஆழமாகிறது. நிறைய வேலை வருகிறது என்று நிர்வாகிகள் மகிழும் ஆண்டில்தான் சம்பளம் நிற்கிறது. காரணம் இதுதான்.

இந்தப் பள்ளத்தை மாதம் இரண்டு வட்டிக்குக் கைமாற்று வாங்கி அடைத்தால், 4,42,800க்கு ஒரு மாத வட்டி மட்டும் 8,856 ரூபாய். எந்தத் திட்டமும் இந்த வட்டியைச் செலவாக ஏற்காது. அறங்காவலரே கடன் தந்தாலும் வங்கி வழியாகவே வர வேண்டும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவது வருமான வரிச் சட்டத்துக்கு எதிரானது. வாங்கிய அளவுக்கே அபராதம் விழலாம். அதனால் பணி ஆணையில் கையெழுத்துப் போடும் முன், ஒரு தாளில் மாதவாரியாக வரவும் செலவும் எழுதி, ஒவ்வொரு தவணையையும் திட்டம் சொல்லும் தேதியிலிருந்து மூன்று மாதம் தள்ளிப் போட்டுப் பாருங்கள். அந்தத் தாளில் வரும் மிக ஆழமான பள்ளத்துக்குக் கையிருப்போ வங்கி ஓவர்டிராஃப்டோ இருந்தால் மட்டும் தொடங்கலாம்.

இடைநிற்றலையும் வேலைவாய்ப்பையும் கணக்கில் சேர்க்காதது

30 பேரில் 6 பேர் பாதியில் நின்றார்கள் என்று வையுங்கள். பணம் 24 பேருக்குத்தான். நின்றவர்களுக்காக வாங்கிய முதல் தவணையும் பிந்திய தவணையில் கழிக்கப்படும். ஒருவருக்கு 15,400 வீதம் அதிகபட்சம் 3,69,600. செலவோ அதே 3,60,000. ஆறு பேர் நின்றதால் வாடகையும் டிரெய்னர் சம்பளமும் குறையப்போவதில்லை.

அந்த 24 பேரில் 17 பேர் வேலையில் சேர்ந்தால் 2015 விதி கேட்கும் 70 சதவீதத்தைத் தாண்டிவிடும். மூன்றாம் தவணை முழுதாக வரும். கையில் 9,600 மிஞ்சும். 11 பேர் மட்டும் சேர்ந்தால் 50 சதவீதத்துக்குக் கீழே போய்விடும். மூன்றாம் தவணையே கிடையாது. வரவு 2,95,680, நட்டம் 64,320. ஆறு பேரின் வேலை கணக்கில் 73,920 ரூபாயைப் புரட்டிப்போடுகிறது. ஆனால் பெரும்பாலான மையங்களில் வேலைவாய்ப்பைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் இல்லை. கடைசி வாரத்தில் டிரெய்னரே கம்பெனிகளுக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பார்.

நம் ஊரில் இது ஏன் தவறுகிறது என்பதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. ராமநாதபுரம் பக்கத்துப் பெண்ணுக்குத் திருப்பூரில் வேலை கிடைக்கும். விடுதியில் தங்கவைக்க வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள். இதைப் பயிற்சி முடிந்தபின் கேட்பதுதான் தவறு. சேர்க்கையின்போதே வீட்டுக்குப் போய், எந்த ஊரில், என்ன சம்பளத்தில், எங்கே தங்கி வேலை என்று பெற்றோரிடம் பேசி, முடியுமானால் ஒரு நாள் அவர்களை அழைத்துப் போய் விடுதியைக் காட்டிவிட வேண்டும். அந்தப் பேருந்துச் செலவு இழக்கப்போகும் தவணையோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது.

இன்னொன்று நாள்காட்டி. மூன்று மாதம் தொடர்ந்து வேலையில் இருந்ததாகக் காட்டச் சொல்லும் திட்டங்களில், நவம்பரில் வேலைக்கு அனுப்பினால் பொங்கலுக்கு ஊருக்கு வரும் பிள்ளை திரும்பிப் போகாது. மூன்றாம் மாதம் பொங்கலுக்கு முன்னால் முடியும்படி செப்டம்பர் இறுதிக்குள்ளாவது அனுப்புங்கள். இல்லையேல் பொங்கல் கழிந்து அனுப்புங்கள். தீபாவளிக்கு ஊருக்கு வருபவர்களைத் திரும்பப் பேருந்து ஏற்றிவிடும் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள்.

வேலையில் இருந்தும் பணம் போவது மிகக் கொடுமை. நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, சம்பளம் ஏறிய வங்கிப் பதிவு ஆகிய மூன்றும் மாதாமாதம் கையில் வர வேண்டும். நான்காவது மாதம் கேட்டால் பிள்ளையின் செல்பேசி எண் மாறியிருக்கும். பெற்றோர் எண், பக்கத்து வீட்டு எண், உடன் படித்தவர் எண் என்று மூன்று எண்களையாவது சேர்க்கைப் படிவத்திலேயே வாங்கி வையுங்கள்.

பாதிச் செலவை மட்டும் கணக்கிட்டு விலை சொல்வது

மேலே சொன்ன உதாரணத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. மையத்துக்கு ஆண்டு முழுவதும் வாடகை உண்டு, டிரெய்னரை இடையில் அனுப்பிவிட்டால் திரும்பக் கிடைக்க மாட்டார். ஆண்டுச் செலவு 14,40,000. பேட்சுகளுக்கு நடுவே ஆள் சேர்ப்பு, மதிப்பீட்டுக்குக் காத்திருப்பு, தேர்தல், மழை எல்லாம் போக மூன்று பேட்ச்தான் ஓடியது என்றால் ஒரு பேட்ச் மீது விழும் உண்மைச் செலவு 4,80,000. முப்பது பேரும் தேறி, அத்தனை பேரும் வேலைக்குப் போனாலும் வருவது 4,62,000தான். காலி வாரங்களைக் கணக்கில் சேர்க்காத மையம் நன்றாக நடந்தாலும் நட்டத்தில்தான் முடியும். காலை ஒரு பேட்ச், பிற்பகல் ஒரு பேட்ச் என்று அதே கட்டடத்தில் இரண்டு நடத்துவதும், ஒரு பேட்ச் முடியும் மாதத்திலேயே அடுத்ததற்கு ஆள் சேர்ப்பதும் இந்தக் கணக்கைத் திருப்பும். ஜூனில் பள்ளி முடித்தவர்கள் கிடைப்பார்கள். ஏப்ரலில் தேடினால் கிடைக்க மாட்டார்கள்.

தையல் மெஷின் பழுது, பழைய கணினியை மாற்றுவது, ஆடிட்டர் கட்டணம், வேலைக்குப் போனவர்களைப் பின்தொடரும் போன், பயணச் செலவு, கணக்காளர் சம்பளம் ஆகியவையும் விடுபடும். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதியைக் கேட்கும்போது இவற்றைச் சேர்த்தால், “நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் கூடாது” என்று சொல்லிக் குறைத்துவிடுவார்கள். இது பரவலாக இருக்கும் தவறான புரிதல். 2021இல் திருத்தப்பட்ட விதியில் உள்ள 5 சதவீத வரம்பு, அந்தக் கம்பெனி தன் சிஎஸ்ஆர் பிரிவைப் பொதுவாக நிர்வகிக்கும் செலவுக்கானது. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க, மதிப்பிட நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது. ஒருங்கிணைப்பாளர் சம்பளம், பின்தொடர்தல் செலவு எல்லாவற்றையும் திட்டச் செலவாகவே வரிவரியாக எழுதுங்கள். மறுத்தால் விதியைக் காட்டி மரியாதையாகப் பேசுங்கள். அறம் செய்பவர்கள் குறைந்த விலை கேட்க வேண்டும் என்ற கூச்சம் கடைசியில் டிரெய்னரின் வீட்டு அடுப்பில் கைவைக்கிறது.

ஒரு திட்டத்தின் பணத்தை இன்னொன்றுக்குத் திருப்புவது

தவணை தாமதமானதும் வேறு கணக்கில் இருப்பதை எடுத்துச் சம்பளம் போட்டுவிடுவார்கள், வந்ததும் திருப்பலாம் என்று. அது வெளிநாட்டு நன்கொடையாக இருந்தால் விளையாட்டே கூடாது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வர வேண்டும். வேறு அமைப்புக்கு மாற்றித் தரவே கூடாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். பயிற்சியையே முதன்மைப் பணியாகக் கொண்ட அமைப்பில் பயிற்சி தருவோரின் சம்பளம் அந்த நிர்வாகச் செலவில் சேராது. பலர் அதையும் சேர்த்துப் போட்டு வீணாக வரம்பைத் தாண்டுகிறார்கள். ஆண்டறிக்கையை டிசம்பர் 31க்குள் போட வேண்டும்.

உள்நாட்டு நிதியிலும், திட்டத்துக்கு ஒரு வங்கிக் கணக்கு அல்லது குறைந்தபட்சம் கணக்குப் புத்தகத்தில் தனித் தலைப்பு இருக்கட்டும். தந்த பணம் உரிய வேலைக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழைக் கேட்கும் நாளில் எந்த வவுச்சர் எந்தத் திட்டத்துக்கு என்று தேடினால் அடுத்த தவணை இன்னும் இரண்டு மாதம் தள்ளும். வவுச்சரிலேயே திட்டத்தின் பெயரை முத்திரையாகக் குத்திவிடுவது எளிய வழி.

வரியை ஆடிட்டரிடம் செப்டம்பரில் யோசிப்பது

அறக்கட்டளை ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்குச் செலவிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்தச் செலவு செலவாக எண்ணப்படும் என்பதில்தான் சறுக்குகிறார்கள். 2022ஆம் ஆண்டு நிதிச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, உண்மையில் பணம் கொடுத்த ஆண்டில்தான் அது செலவு. மார்ச் மாதச் சம்பளமும் வாடகையும் பாக்கியாக நின்றால் அந்த ஆண்டுக் கணக்கில் சேராது. ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்ததும் சேராது. வாடகைக்கும் தொழில்முறைக் கட்டணத்துக்கும் கொடுக்கும்போதே பிடிக்க வேண்டிய வரியான டிடிஎஸ்ஸைப் பிடிக்காமல் விட்டால் அந்தச் செலவில் 30 சதவீதம் செலவாக ஏற்கப்படாது.

கம்பெனிகள் மார்ச் கடைசி வாரத்தில் பெரிய காசோலை அனுப்புவது வழக்கம், ஆண்டு முடிவதற்குள் செலவழித்துக் காட்ட வேண்டிய அவசரம் அவர்களுக்கு. உங்களுக்கு அது மூன்று நாளில் செலவழிக்க முடியாத வருமானம். எந்த நோக்கத்துக்கு, எத்தனை ஆண்டுக்கு (அதிகபட்சம் ஐந்து) சேர்த்துவைக்கிறோம் என்று தீர்மானம் போட்டு, அதற்கான படிவத்தை உரிய நாளுக்குள் தாக்கல் செய்தால் காப்பாற்றலாம், மறந்தால் வரி. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் பொருந்துவதால் பிரிவு எண்களையும் படிவ எண்களையும் பழைய நினைவில் எழுதாதீர்கள்.

சீருடை தைத்து விற்பது போன்ற சொந்த வருமானம் நல்லதுதான். அது ஒன்றே எவரும் கட்டுப்பாடு போடாத பணம். ஆனால் பொது நலப் பணி என்ற வகையில் பதிவு பெற்ற அமைப்புக்கு வணிக வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டினால் அந்த ஆண்டு வரிவிலக்கே ஆட்டம் காணும். அறக்கட்டளை என்பதாலேயே ஜிஎஸ்டி கிடையாது என்பதும் தவறு. செலவில் 75 சதவீதமோ அதற்கு மேலோ அரசு ஏற்கும் பயிற்சியை அரசுக்கு நடத்தினால் விலக்கு உண்டு. ஒரு தனியார் கம்பெனியின் ஊழியர்களுக்குக் கட்டணம் வாங்கிப் பயிற்சி தந்தால் அது வேறு கணக்கு.

மதிப்பூதியம் என்று எழுதிவிட்டால் போதும் என்று எண்ணுவது

தினமும் வருகைப் பதிவு வைத்து, மாதாமாதம் ஒரே தொகை வாங்கும் டிரெய்னர் ஊழியர்தான். தலைகள் இருபதைத் தொட்டால் பிஎஃப், பத்தைத் தொட்டால் இஎஸ்ஐ என்று கணக்கு வரும். மூன்று மையங்களில் ஏழு ஏழு பேர் இருந்தாலும் அமைப்பு ஒன்றுதான். பின்னால் கண்டுபிடித்தால் பல ஆண்டுப் பாக்கி, 12 சதவீத வட்டி, அதற்கு மேல் அபராதம். அதை எந்த நன்கொடையாளரிடமும் கேட்க முடியாது. தொடக்கத்திலிருந்தே முதலாளி பங்கைத் திட்ட மதிப்பீட்டில் எழுதுங்கள்.

நிர்வாகக் குழு பார்க்க வேண்டிய ஒரு தாள்

குழுக் கூட்டத்தில் ஆண்டு முடிந்த வரவு செலவு அறிக்கையை வாசித்துக் கைதட்டுவதில் பயனில்லை. மாதம் 10ஆம் தேதிக்குள் ஒரே தாளில் நான்கு எண்கள் வேண்டும்: வங்கியில் இருக்கும் பணத்தில் திட்டத்துக்குக் கட்டுப்பட்டது எவ்வளவு, நம் விருப்பத்துக்குச் செலவிடக்கூடியது எவ்வளவு, வர வேண்டிய தவணைகள் எத்தனை நாளாக நிற்கின்றன, அடுத்த மூன்று மாதக் கட்டாயச் செலவு எவ்வளவு. 90 நாளைத் தாண்டிய ஒவ்வொரு தவணைக்கும் எதிரே யார், எந்த அலுவலகத்தில், என்ன ஆவணத்துக்காகக் காத்திருக்கிறார்கள் என்று எழுத வேண்டும். பெரும்பாலும் அது ஒரு வருகைப் பதிவு முரண்பாடாகவோ ஆதார் பெயர் எழுத்துப் பிழையாகவோ இருக்கும்.

விருப்பத்துக்குச் செலவிடக்கூடிய பணம் மூன்று மாதக் கட்டாயச் செலவுக்குக் கீழே போனால் புதிய பேட்சை ஏற்கக் கூடாது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அதிகாரி போனில் அழைத்து, “இன்னும் இரண்டு பேட்ச் எடுத்துக்கொள்கிறீர்களா” என்று கேட்கும்போது, செயலாளர் அந்தத் தீர்மானத்தைக் காட்டி இப்போது ஒன்று, நிலுவைத் தவணை வந்தபின் இன்னொன்று என்று சொல்ல முடியும்.