மாத்திரை அட்டைகளை ஒன்றாக வைத்துப் பாருங்கள்

ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கு அஞ்சிப் போட்டுக்கொள்ளும் புரோமெத்தசின், மூக்கொழுகலுக்கான குளோர்பெனிரமின், வயிற்றுப் பிடிப்புக்கான டைசைக்ளோமின், கை நடுக்கத்துக்கான டிரைஹெக்சிபெனிடில் ஆகிய நான்கும் வெவ்வேறு தொல்லைகளுக்குத் தரப்பட்டாலும், நரம்புகள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் அசிட்டைல்கோலினின் செயலைத் தடுக்கும் குணம் இவை அனைத்துக்கும் உண்டு. நரம்பு வலிக்கான அமிட்ரிப்டிலினும், அடிக்கடி சிறுநீர் போவதைக் குறைக்கும் ஆக்சிபியூட்டினினும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவையே.

தனித்தனியே சிறிய அளவாகத் தெரிபவை ஒன்றுகூடும்போதுதான் தொல்லை பெரிதாகிறது. எனவே வீட்டுப் பெரியவர்கள் சாப்பிடும் எல்லா அட்டைகளையும், மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்கிய சளி மாத்திரை உட்பட, ஒரே பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம், நாள்பட்ட மலச்சிக்கல் இருந்தால் அவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். மறதி நோய்க்கு டோனெபெசில் சாப்பிடுபவருக்கு இவை அந்த மருந்துக்கு நேர் எதிராக வேலை செய்யும்.

எங்கள் பெரியம்மா ஆசையாக வாங்கிய தட்டுவடை செட்டை ஒரு வாய் மென்றுவிட்டு, விழுங்க முடியாமல் தண்ணீர்ச் செம்பைத் தேடியபோது, வயதின் கோளாறு என்றே நினைத்தோம். எச்சிலை வற்றச் செய்தது, அடிக்கடி சிறுநீர் போவதைக் குறைக்கப் புதிதாகச் சேர்ந்த மாத்திரை. வாய் வறட்சி, மலச்சிக்கல், எழுத்து மங்குதல், சிறுநீர் தயங்கி வருதல், மாலையில் தடுமாறிப் பேசுதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும், அது தொடங்கிய நாளையும் மருந்து மாறிய நாளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இம்மருந்துகள் வியர்வையையும் குறைப்பதால், ஏற்காட்டுக் குளிரில் தெரியாத ஆபத்து, சேலத்துக் கத்திரி வெயிலில் இறங்கியதும் வெளிப்படலாம். இவற்றைச் சாப்பிடுபவரை நண்பகலில் வெளியே அனுப்பாதீர்கள். தோல் சிவந்து, வியர்க்காமல் கொதித்து, பேச்சும் குழறினால், நிழலில் கிடத்தி ஈரத்துணியால் துடைத்தபடியே 108-ஐ அழையுங்கள். சிறுநீர் அடியோடு நின்றாலோ, கண் சிவந்து கடுமையாக வலித்தாலோ மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

வாந்தி மாத்திரையைப் பயணத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும்; வண்டி ஓட்டுபவர் அதைத் தொடவே கூடாது, தூக்கம் வரும். புரோமெத்தசினை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. நெடுநாள் சாப்பிட்ட டிரைஹெக்சிபெனிடிலைத் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் விறைப்பும் கூடக்கூடும் என்பதால், அளவைப் படிப்படியாகக் குறைப்பதை மருத்துவரிடமே விட்டுவிடுங்கள்.