பால் கட்டி மார்பு கல்லாகிவிட்டதா? வீட்டிலேயே செய்யக்கூடியவை

குழந்தை பிறந்து மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாளுக்குள் பால் பெருகும்போது மார்பு கனத்து, தோல் மினுமினுத்து, தொட்டாலே வலிக்கும். இது பால் மட்டும் சேர்ந்த வீக்கம் இல்லை. ரத்த ஓட்டம் கூடி, நீரும் கோத்திருக்கும். அதனால்தான் எவ்வளவு பீய்ச்சினாலும் வீக்கம் முழுதாக வடிவதில்லை.

கருவட்டம் விறைத்துக் காம்பு தட்டையாகிவிடுவதால் குழந்தையால் கவ்வ முடியாது. முதலில் அந்த இடத்தை இளக்குங்கள். கை கழுவி, சாய்ந்து படுத்து, விரல் நுனிகளைக் காம்பைச் சுற்றி வைத்து நெஞ்சுப் பக்கமாக மெல்ல அழுத்தி ஒரு நிமிடம் பிடியுங்கள். விரல்களை இடம் மாற்றி மறுபடி செய்யுங்கள். பிறகு காம்பிலிருந்து சுமார் 3 செ.மீ. தள்ளிக் கட்டைவிரல் மேலும் மற்ற விரல்கள் கீழுமாகப் பிடித்து, உள்நோக்கி அழுத்தி, விரல்களை ஒன்றுசேர்த்து விடுங்கள். தோலை இழுத்து உருவினால் புண்ணாகும். இளகும் அளவுக்குப் பீய்ச்சினால் போதும். ஒவ்வொரு தடவையும் காலி செய்தால் அடுத்த வேளை இன்னும் அதிகமாகச் சுரக்கும்.

இரவையும் சேர்த்து நாளுக்கு 8 முதல் 12 தடவை பாலூட்டுங்கள். சேனை என்று தேனோ சர்க்கரைத் தண்ணீரோ வைத்தால் குழந்தை குடிப்பது குறைந்து பால் கட்டும். அதோடு ஒரு வயதுக்குள் தேன் ஆபத்து.

குமரிப் பக்கம் பேறுகாலத்தில் இலை போட்டுக் கொதித்த வெந்நீரில் குளிப்பாட்டுவார்கள். உடம்பு வலிக்கு அது சுகம்தான். ஆனால் கட்டிய மார்பில் சூடாக ஊற்றினால் வீக்கம் கூடும். பாலூட்டுவதற்குச் சற்று முன் இரண்டு, மூன்று நிமிடம் வெதுவெதுப்பான துணி போதும். ஊட்டிய பிறகு, துணியில் சுற்றிய ஐஸை 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். முட்டைக்கோஸ் இலையும் உதவும்: கழுவி, ஃபிரிட்ஜில் குளிரவைத்து, தடித்த நரம்பை நசுக்கி, காம்பில் படாமல் 20 நிமிடம். வீக்கம் தணிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

மல்லிகைப்பூ வைத்துக் கட்டும் வழக்கத்தில்தான் கவனம் வேண்டும். தோவாளைச் சந்தை பக்கத்திலேயே இருப்பதால் பூவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அது பாலை வற்றவைக்கும் வைத்தியம். 1988-இல் வெளியான ஆய்வொன்றிலும் மல்லிகை பால் சுரப்பைக் குறைத்தது. தொடர்ந்து பாலூட்டப் போகிறவர் மார்பில் அதை வைக்கவே வேண்டாம். மார்பை இறுக்கிக் கட்டவும் வேண்டாம். பால் பெருக்கும் என்று கொடுக்கும் சுறாப்புட்டு, பூண்டு எல்லாம் வீக்கம் வடிந்த பிறகு. தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பதை மட்டும் குறைக்காதீர்கள், குறைத்தாலும் வீக்கம் வடியாது.

38.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், நடுக்கம், மார்பில் ஒரு பக்கம் மட்டும் சிவந்து சுடுதல், காம்பில் சீழ் - இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சல் என்று அந்தப் பக்கம் பாலூட்டுவதை நிறுத்தினால் கட்டு இன்னும் இறுகும். அந்தப் பால் குழந்தைக்குக் கெடுதல் செய்யாது. கவ்வ முடியாத அளவு வலித்தால் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டுங்கள்.