இந்தூருக்குப் புறப்படும் முன்: சின்க்ரோட்ரான் மாதிரிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தூரில் உள்ள ராஜா ராமண்ணா மையத்தின் இண்டஸ்-2 சின்க்ரோட்ரானில் (எலக்ட்ரான்களை வளையத்தில் சுழற்றிச் செறிவான எக்ஸ் கதிர் தரும் கருவி) எக்ஸாஃப்ஸ் அளவீடு (ஓர் அணுவைச் சுற்றி எத்தனை அணுக்கள், எவ்வளவு தொலைவில் என்று எக்ஸ் கதிர் உட்கவர்ச்சியிலிருந்து கண்டறிவது) எடுக்க எங்கள் துறை மாணவர்கள் இருவர் அடுத்த வாரம் புறப்படுகிறார்கள். அவர்கள் திறந்து காட்டிய டப்பாவில் கருஞ்சிவப்பாக அடுக்கியிருந்த பெல்லட்டுகளை (தூளை அழுத்திச் செய்த வில்லைகள்) பார்த்ததும், ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது நான் செய்த அதே தவறு அப்படியே கண்முன் நின்றது. அடையாள அட்டை, ரயில் பயணச்சீட்டு போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

அளவுக்கு மீறிய மாதிரி

படிக அமைப்பைப் பார்க்கும் எக்ஸ்ஆர்டி கருவியில் தட்டு நிறைய தூள் வைத்துப் பழகிய கை, இங்கேயும் தாராளமாக அள்ளிவிடுகிறது. ஆனால் ஊடுருவல் முறையில் கதிர் பெல்லட்டைக் கடந்து மறுபுறம் வந்தாக வேண்டும். இரும்பின் கே விளிம்பு, அதாவது அதன் எக்ஸ் கதிர் உட்கவர்ச்சி திடீரென உயரும் ஆற்றல், 7112 எலக்ட்ரான் வோல்ட்டில் இருக்கிறது. அங்கே உட்கவர்ச்சியின் தாவல் 1 என்ற அளவில் அமைய, 13 மில்லிமீட்டர் விட்டமுள்ள பெல்லட்டுக்கு ஃபெரிக் ஆக்சைடு ஏறத்தாழ 5 மில்லிகிராம் போதும், மற்றதெல்லாம் கதிரை அதிகம் தடுக்காத செல்லுலோஸ் தூள்தான்.

நான் போட்டது 15 மில்லிகிராம். தாவல் 3 ஆகிவிட்டால், விளிம்பைத் தாண்டிய கதிரில் இருபதில் ஒரு பங்குகூட மறுபுறம் வராது. அந்தச் சொற்ப அளவோடு ஊசித்துளைகள் வழியே கசிவதும், தேர்ந்தெடுத்த ஆற்றலின் மடங்குகளாகக் கூடவே வரும் உயர் ஆற்றல் ஒத்திசைக் கதிர்களும் சேர்ந்து பதிவாவதால் நிறமாலையின் முகடுகள் மழுங்கிப்போகின்றன. கொடுமை என்னவென்றால், திரையில் தெரியும் கோடு வழவழப்பாக, குறை சொல்ல முடியாதபடி இருக்கும்.

ஆறு மாதம் கழித்து அளவீட்டைக் கோட்பாட்டுக் கணக்கோடு பொருத்திப் பார்த்தபோது, ஆறு ஆக்சிஜன் அணுக்கள் சூழ்ந்திருக்க வேண்டிய இரும்பு அணுவுக்கு நான்கரைதான் கிடைத்தது. அதை ஆக்சிஜன் காலியிடங்களுக்கான சான்று என்று நம்பி, ஆய்வேட்டில் ஓர் இயல் முழுக்க எழுதினேன். ஒரு நாள் என் நெறியாளர் மாதிரியின் எடையைக் கேட்டார். அத்தோடு அந்த இயல் நீக்கப்பட்டது, மறு அளவீட்டுக்கு ஓராண்டு காத்திருந்தேன். தவறு கண்டுபிடிப்பின் வேடத்தில் வருவதுதான் இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது.

லாந்தனம், பேரியம் போன்ற கனத் தனிமங்கள் கலந்த சேர்மங்களில் அவையே கதிரைப் பெருமளவு விழுங்கிவிடும் என்பதால், விளிம்புக்கு மேல் மொத்த உட்கவர்ச்சி 2.5-ஐத் தாண்டாதபடி முன்கூட்டியே கணக்கிடுங்கள். அகேட் உரலில் பொறுமையாக அரைத்து, செய்து முடித்த ஒவ்வொரு பெல்லட்டையும் டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் அது உதவாது.

பெல்லட் மட்டும் போதும் என்ற எண்ணம்

தூளும் செல்லுலோஸும் கூடவே வரட்டும், அங்கே புதிதாகச் செய்ய நேரலாம்.

ஒப்பீட்டு மாதிரிகளைக் கடைசிக்குத் தள்ளுவது

இரும்புத் தகடும் தெரிந்த ஆக்சைடுகளும் முதலில் அளக்கப்பட வேண்டும், ஏனெனில் நேரம் தீரும்போது விடுபடுவது எப்போதும் இவைதான். உங்கள் பொருளுக்குக் கிடைத்த அணு எண்ணிக்கை நம்பத்தக்கதா என்று சொல்ல வேறு வழி கிடையாது. ஆறு என்று தெரிந்த ஆக்சைடுக்கு நான்கரை வந்தால் அங்கேயே விழித்துக்கொள்ளலாம்.

இருபது மாதிரிகளை எடுத்துச் செல்வது

ஐந்து போதும்.

நுழைவு அனுமதி

அணுசக்தித் துறை வளாகம். வாயிலில் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று இராதீர்கள்.

நேற்று மாலை அந்த மாணவர்களிடம் ஒரு பெல்லட்டில் எத்தனை மில்லிகிராம் என்று கேட்டேன். பதினெட்டு என்றார்கள். இப்போது பக்கத்து அறையில் உரல் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறது.