பழைய கிராபிக்ஸ் கார்டில் எது வேகம்? பெயரையும் ஜிபியையும் தாண்டிப் பார்ப்பது எப்படி

செகண்ட் ஹேண்டில் கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை ஜிபி?" என்பதைத்தான். நானும் அதைத்தான் கேட்டேன். ஜிடி 1030, 2 ஜிபி என்றார்கள், பெட்டியிலும் அப்படித்தான் இருந்தது, வாங்கி வந்துவிட்டேன். வீட்டில் மாட்டிப் பார்த்தால், நண்பன் வீட்டில் அதே பெயருள்ள கார்டில் நன்றாக ஓடிய கேம் என்னிடம் திணறியது. கேமையும் விண்டோஸையும் மாற்றி மாற்றிப் போட்டு இரண்டு நாள் போனது. கடைசியில் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து, மெமரி டைப் என்ற வரியைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அவனுடையது கிராபிக்ஸ் கார்டுக்கென்றே செய்த வேகமான ஜிடிடிஆர்5 மெமரி, என்னுடையது கம்ப்யூட்டர் ரேமில் வரும் சாதா டிடிஆர்4. 2017இல் முதலில் வந்த ஜிடி 1030இன் மெமரி நொடிக்கு 48 ஜிபி தரவைக் கடத்தும். அடுத்த ஆண்டு அதே பெயரில் வந்த டிடிஆர்4 கார்டு கடத்துவது 16.8 ஜிபிதான். பெயர் ஒன்று, 2 ஜிபியும் ஒன்று, வேகம் மட்டும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

அதனால் இரண்டு கார்டை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது இந்த மெமரி வேகத்தைத்தான், அதாவது பேண்ட்வித். கணக்கு சுலபம். பஸ் அகலத்தை (சிப்புக்கும் மெமரிக்கும் இடையிலான பாதை எத்தனை பிட் என்பது) 8ஆல் வகுத்து, மெமரியின் ஜிபிபிஎஸ் எண்ணால் (ஒவ்வொரு பிட் பாதையிலும் நொடிக்கு எத்தனை ஜிகாபிட் என்பது) பெருக்க வேண்டும். ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபிக்கு பஸ் 192 பிட், மெமரி 8 ஜிபிபிஎஸ். 192ஐ 8ஆல் வகுத்தால் 24, அதை 8ஆல் பெருக்கினால் நொடிக்கு 192 ஜிபி. ஆர்எக்ஸ் 580 8 ஜிபிக்கு பஸ் 256 பிட் என்பதால் 256 ஜிபி வரும். ஜிடிஎக்ஸ் 1050 டிஐக்கு 112தான். இதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது, ஆனால் எது எந்த வரிசையில் நிற்கிறது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது கோர் எண்ணிக்கை, அதாவது சிப்புக்குள் கணக்குப் போடும் சின்னச் சின்ன அலகுகள் எத்தனை என்பது. இதில்தான் நிறைய பேர் தவறு செய்கிறார்கள். ஒரே தலைமுறைக்குள் கோர்களை ஒப்பிடுவது சரி, தலைமுறை மாறினால் அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை. 2013இல் வந்த ஜிடிஎக்ஸ் 780 டிஐயில் 2880 கோர்கள், 2014இல் வந்த ஜிடிஎக்ஸ் 980இல் 2048தான், இருந்தும் 980தான் வேகம், மின்சாரமும் குறைவாக எடுக்கும். என்விடியா (ஜிடி, ஜிடிஎக்ஸ்) கோர்களை ஏஎம்டி (ஆர்எக்ஸ்) கோர்களோடு ஒப்பிடுவதும் இதே மாதிரி வீண்வேலை.

ஒரே தலைமுறையில்கூட பெயர் ஏமாற்றும். 1060 3 ஜிபி என்றால் 6 ஜிபி கார்டில் மெமரியை மட்டும் குறைத்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, அதில் கோர்களும் 1280இலிருந்து 1152ஆகக் குறைந்திருக்கின்றன. ஆர்எக்ஸ் 580இலும் 2048எஸ்பி என்று ஒன்று சுற்றுகிறது. உண்மையான 580இல் 2304 ஷேடர்கள், அதாவது கோர்கள், உண்டு, 2048 என்பது 570இன் கணக்கு. ஜிபியு-இசட்டில் ஷேடர்ஸ் என்ற வரியில் 2048 என்று வந்தால், விற்பவர் என்ன சொன்னாலும் 570இன் விலைக்கு மேல் கொடுக்காதீர்கள்.

சரி, இனி கேமில் ஓட்டிப் பார்க்கும் கதை. யூடியூபில் "சராசரி 60 எஃப்பிஎஸ்" என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். 60 எஃப்பிஎஸ் என்றால் நொடிக்கு 60 ஃபிரேம் (படம்), ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லி செகண்ட். கார்டு மெமரி நிரம்பி, டெக்ஸ்சரை (கேமில் பொருட்களின் மேல் ஒட்டும் படங்களை) மதர்போர்டு ரேமிலிருந்து இழுக்க வேண்டி வந்தால் ஒரு ஃபிரேம் மட்டும் 100 மில்லி செகண்ட் எடுக்கும். சராசரி அப்போதும் 60க்குப் பக்கத்தில்தான் இருக்கும், ஆனால் வண்டியைத் திருப்பும்போதும் எதிரி முன்னால் வரும்போதும் திரை சட்டென்று நின்று நகரும். இதைக் காட்டிக் கொடுப்பது 1% லோ என்ற எண், அதாவது மிக மெதுவாக வந்த 1% ஃபிரேம்களின் எஃப்பிஎஸ். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் ஃபிரேம்டைம் கோட்டைத் (ஒவ்வொரு ஃபிரேமும் எடுக்கும் நேரத்தை) திரையில் ஓடவிட்டுப் பாருங்கள். கோடு தட்டையாகப் போனால் நல்லது. வேலிக்கம்பி மாதிரி குத்திக் குத்தி எழும்பினால், எத்தனை எஃப்பிஎஸ் காட்டினாலும் விளையாட முடியாது. 3 ஜிபி 1060ஐ நான் யாருக்கும் சொல்லாததற்குக் காரணம் இதுதான்.

கையில் இரண்டு கார்டும் இருந்தால் ஒரே கேம், ஒரே இடம், ஒரே செட்டிங், மூன்று முறை ஓட்டி எடுங்கள். ஓடும்போது ஜிபியு (கார்டின் சிப்) பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். 60 சதவீதத்தில் நின்றால் பெரும்பாலும் நீங்கள் அளப்பது பிராசசரைத்தான், அப்புறம் இரண்டு கார்டும் ஒரே வேகம் என்றுதான் தெரியும்.

ஒப்பிடும்போது மதர்போர்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) சேர்த்தே பார்க்க வேண்டும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டிக்கு நான்கு பிசிஐஇ லேன்தான் (கார்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையே தரவு போகும் பாதைகள்), பழைய பிசிஐஇ 3.0 போர்டில் மாட்டினால் அதன் வேகம் நன்றாகவே அடிவாங்கும். 580 எடுப்பது 185 வாட், 1060 எடுப்பது 120. ஆபீஸ் கம்ப்யூட்டரின் சின்ன எஸ்எம்பிஎஸ் என்றால் 75 வாட் ஜிடிஎக்ஸ் 1650தான் சரியான வழி, அதிலும் தனி பவர் கனெக்டர் கேட்காத மாடலாகப் பார்த்து எடுங்கள். நல்ல எஸ்எம்பிஎஸ் இருந்தால் நான் 580 8 ஜிபியைத்தான் எடுப்பேன். 1060 6 ஜிபியும் அதே வேகத்துக்குப் பக்கத்தில் வரும், ஆனால் கூடுதல் 2 ஜிபி இன்றைய கேம்களில் கைகொடுக்கிறது.

டிரைவரையும் மறக்க வேண்டாம். என்விடியாவின் 600, 700 வரிசையில் வந்த கெப்ளர் தலைமுறை கார்டுகளுக்கு 2021இலேயே புதிய கேம் டிரைவர்கள் நின்றுவிட்டன. 900, 10 வரிசைகளுக்கும் 2025 அக்டோபரோடு முடிந்து, இனி பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான். பழைய கேம்கள் விளையாட இது தடையில்லை.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ வேறெங்கோ வாங்கும்போது கார்டை மாட்டிக் காட்டச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். கிராபிக்ஸ் கார்டுகளை ஓட்டி எதீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைச் சம்பாதிக்கும் மைனிங் 2022 செப்டம்பரில் நின்ற பிறகு, இரவும் பகலும் ஓடிய கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. மைனிங் கார்டு என்பதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை. கால் மணி நேரம் லோடு கொடுத்து வெப்பம், ஃபேன் சத்தம், திரையில் புள்ளிகள் வருகிறதா என்று பார்த்தால் போதும். 1050 டிஐ என்று சொல்லும் கார்டில் நீல நிற விஜிஏ போர்ட் இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள். 10 வரிசை சிப்களில் அனலாக் வெளியீடே கிடையாது. பழைய கார்டின் பயாஸை (கார்டுக்குள் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றி, பெயரை மட்டும் புதிதாகக் காட்டுகிறார்கள். ஜிபியு-இசட் பல போலிகளைக் கண்டுபிடித்து, பெயருக்கு முன்னால் ஃபேக் என்றே போட்டுவிடும். அதை இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டலாம் என்பதால் ஒரு பென்டிரைவில் போட்டு எடுத்துப் போங்கள், பணம் கொடுப்பதற்கு முன் கடைக்காரர் கம்ப்யூட்டரிலேயே திறந்து பாருங்கள்.