துருவ ஒளிப் படங்கள்: கேட்டதும் எடுத்துக் கொடுக்கிற மாதிரி ஒரு தரவுத்தளம்

பகலில் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனிக்கு டேட்டாபேஸ் பார்க்கிறேன். ராத்திரியில் பெருந்துறை வீட்டில் உட்கார்ந்து, துருவங்களை ஒட்டிய வானத்தில் ஒளிரும் துருவ ஒளியின் (அரோரா) செயற்கைக்கோள் படங்களை இணையத்தில் தேடும்படி அடுக்குகிறேன். கொங்கு நாட்டு வானத்தில் அந்த ஒளி தெரியாது. படமாவது நம் பிள்ளைகள் கைக்கு எட்டட்டும்.

முதலில் படத்தை இறக்காதீர்கள். என்ன கேட்பார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். கோபியில் ஒரு அறிவியல் வாத்தியார் என்னிடம் கேட்டது: “ஏனுங்க, 2003 அக்டோபர் புயல்ல அந்த வளையம் பெருத்துப்போன படம் இருக்குங்களா?” புயல் என்றால் மழைப் புயல் இல்லை, சூரியனால் பூமியின் காந்தப்புலம் குலுங்கும் காந்தப் புயல்; வளையம் என்பது மேலிருந்து பார்த்தால் துருவத்தைச் சுற்றித் தெரியும் ஒளி வட்டம். இந்த ஒரு கேள்வியிலேயே மூன்று புலங்கள் (ஒவ்வொரு படத்துக்கும் நிரப்ப வேண்டிய விவரங்கள்) வந்துவிடுகின்றன: நேரம், புயலின் வலு, வளையத்தின் அளவு. சாம்பிள் ரூமில் ஸ்டைல் நம்பரும் ஜிஎஸ்எம்மும் (துணியின் எடை அளவு) ஒட்டாத துணி எப்படிக் காணாமல் போகுமோ, இவை எழுதாத படமும் அப்படியே போகும்.

தொடங்க ஒரே செயற்கைக்கோள் போதும். 2000 மார்ச்சில் நாசா ஏவிய இமேஜ் நல்லது. உயரத்தில் இருக்கும்போது முழு வளையத்தையும் சுமார் 2 நிமிடத்துக்கு ஒருமுறை புற ஊதாவில் எடுத்தது. கோப்புகள் சிடிஎஃப் என்ற அறிவியல் தரவு வடிவில் இருக்கும், பைத்தான் நிரல்மொழியில் திறந்துவிடலாம். மூலக் கோப்பைத் தொடவே கூடாது; காட்டுவதற்குத் தனியாகச் சின்னப் படம் செய்யுங்கள். அதில் தெரியும் பச்சையும் ஆரஞ்சும் நாம் பூசியவை. பக்கத்திலேயே நிற அளவுகோலையும் வையுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் அதையே நிஜ நிறம் என்று நம்பிவிடுவார்கள்.

நேரத்தில்தான் கவனம் வேண்டும். யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், மட்டுமே சேமியுங்கள். 2003 அக்டோபர் 30 இரவு 8 மணி யூடிசி என்பது நமக்கு 31 விடிகாலை 1.30, தேதியே மாறிவிடுகிறது. புயலின் வலுவுக்கான கேபி எண், 0 முதல் 9 வரை, 3 மணி நேரத்துக்கு ஒன்றாக யூடிசியில்தான் வருகிறது. ஜெர்மனியின் போட்ஸ்டாம் மையம் வெளியிடுகிறது. நேரம் பிசகினால் பக்கத்துக் கட்டத்தின் எண் ஒட்டிக்கொள்ளும்.

இடத்துக்குப் புவி அட்சரேகையை விட, காந்தத் துருவத்தை வைத்து அளக்கும் காந்த அட்சரேகைதான் உதவும், வளையம் காந்தத் துருவத்தைச் சுற்றியே நிற்பதால். நள்ளிரவுப் பக்கத்தில் அதன் கீழ் விளிம்பு (நிலநடுக்கோட்டுப் பக்க விளிம்பு) எத்தனை பாகையில் இருக்கிறது என்று ஒரு புலம் வையுங்கள். பெரும் புயலில் அது 50க்கும் கீழே இறங்கும். வாத்தியார் கேட்ட “பெருத்துப்போன” வளையம் அப்புறம் ஒரு வரித் தேடலில் வந்துவிடும். வடக்கா தெற்கா என்பதையும் எழுதுங்கள். இமேஜின் பாதை மெல்ல நகர்ந்து பிற்பாடு தென் துருவத்தைப் பார்த்தது.

சேமிக்க எஸ்க்யூலைட் என்ற சின்னத் தரவுத்தள மென்பொருள் போதும். நேரத்துக்கும் கேபிக்கும் இன்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அகரவரிசை மாதிரி) போடுங்கள், சரி, அவ்வளவுதான்.

இடைவெளிகளுக்கு மட்டும் தனி அட்டவணை கட்டாயம். செயற்கைக்கோள் பூமிக்கு அருகே வந்த நேரம், கருவி அணைந்திருந்த நேரம், 2005 டிசம்பரில் இமேஜ் தொடர்பு அறுந்த பிறகான காலம் எல்லாம் காரணத்தோடு அதில் இருக்கட்டும். தேடியவருக்கு ஒன்றும் கிடைக்காதபோது அந்தக் காரணத்தையே திரையில் காட்டுங்கள். வெறும் பூஜ்யம் காட்டினால், அன்றைக்கு ஒளியே இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்.