மேடா, பள்ளமா? பழைய வெள்ளி டாலரில் அச்சுப் பிழை தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் பழைய வெள்ளிக் காசான மோர்கன் டாலர் ஒன்று கைக்கு வந்ததும் பலரும் லூப் என்ற சிறு உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்து, ஏதாவது வித்தியாசமாகத் தெரிகிறதா என்று தேடத் தொடங்கிவிடுவார்கள். தேடினால் கிடைக்காமல் போகாது. 26.73 கிராம் எடையும் 90 சதவீத வெள்ளியும் கொண்ட கனத்த காசு அது. ஆயிரம் ஆயிரமாக மூட்டை கட்டி, ஏற்றி இறக்கி, பெட்டகத்தில் போட்டு வைத்திருந்தார்கள். கீறலே இல்லாத ஒன்றைக் கண்டால்தான் ஆச்சரியப்பட வேண்டும். அதனால் 'இது என்ன?' என்பதற்கு முன் 'இது எப்போது நேர்ந்தது?' என்று கேளுங்கள். காசில் உருவத்தைப் பதிக்கும் அச்சிலேயே இருந்ததா, காசை அடித்த நொடியில் நேர்ந்ததா, நாணயச்சாலையை விட்டு வெளியேறிய பிறகா? முதலாவது அச்சு வகை, இரண்டாவது அடிப்புப் பிழை, மூன்றாவது வெறும் சேதம். சேதத்தைப் பிழை என்று நம்பிப் பணத்தை விட்டவர்கள்தான் அதிகம்.

பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. காசில் மேடாக வர வேண்டியது அச்சில் பள்ளமாக இருக்கும். ஆகவே அச்சில் விழுந்த வெட்டும் விரிசலும் காசில் மேடான கோடுகளாகத்தான் எழும். காசின் மேல் பிறகு பட்ட கீறல் பள்ளமாக இருக்கும். 1888-ஆம் ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் நாணயச்சாலையில் அடித்த டாலர் ஒன்றில் பெண் முகத்தின் குறுக்கே ஓடும் தடித்த கோடு, அச்சு வெடித்ததால் வந்தது. 'முகத்தழும்பு' என்ற பெயரில் அதைத் தேடி வாங்குகிறார்கள். 1890 கார்சன் சிட்டி டாலரில் கழுகின் வாலிலிருந்து கீழே மாலை வரை இறங்கும் கம்பி போன்ற கோடும் அச்சில் விழுந்த வெட்டின் தடம். இரண்டுமே மேடு. அதே இடத்தில் ஆணியால் கீறிய கோடு இருந்தால் அதற்கு மதிப்புக் குறையத்தான் செய்யும். கண்ணுக்குச் சந்தேகமாக இருந்தால் ஒரே ஒரு விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, காசை மெல்லச் சுழற்றிப் பாருங்கள். மேட்டின் நிழல் விளக்குக்கு எதிர்ப்புறம் விழும். பள்ளத்தின் நிழல் விளக்கு இருக்கும் பக்கமே ஒதுங்கும். அச்சுக்கும் காசாக அடிபடும் தகட்டுக்கும் நடுவே நூலோ மசகோ சிக்கி ஏற்படும் பள்ளம் மட்டும் இதற்கு விலக்கு.

மிக அதிகமானவர்களை ஏமாற்றுவது இரட்டைப் பிம்பம். காசு அச்சைத் தயாரிக்கும்போது மூல அச்சை அதன் மேல் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வைத்து அழுத்துவார்கள். இரண்டாம் முறை இம்மி விலகினாலும் உருவம் இரண்டாகப் பதிந்துவிடும். அந்த அச்சில் அடித்த எல்லாக் காசிலும் அது அப்படியே இருக்கும். 1888 நியூ ஆர்லியன்ஸின் 'ஹாட் லிப்ஸ்' இப்படி வந்தது. உதடு, மூக்கு, தாடை மூன்றும் இரண்டாகத் தெரியும்; நன்றாகத் தேய்ந்த காசில்கூட அடையாளம் காணலாம். இயந்திர இரட்டிப்பு என்பது வேறு. தளர்ந்திருந்த அச்சு, அடித்த மறுகணம் சற்று நகர்ந்து எழுத்தின் ஓரத்தை இழுத்துவிடும். பத்து மடங்கு லூப்பில் எண்ணின் அடிப்பகுதியைப் பாருங்கள். தட்டையாக, படிக்கட்டு போல, பளபளவென்று ஒரு திட்டு தெரிந்து, மூல எண் மெலிந்திருந்தால் அது இயந்திர இரட்டிப்பு. தனி மதிப்பு இல்லை. உண்மையான இரட்டை அச்சில் இரண்டாவது உருவத்துக்கும் உருண்டையான உடல் இருக்கும், எழுத்து தடித்துத் தெரியும், எழுத்தின் நுனி மீன்வால் போலப் பிளந்திருக்கும். ஆண்டு எண்ணிலோ, எந்த நாணயச்சாலை என்று காட்டும் எழுத்துக் குறியிலோ மட்டும் இரட்டிப்பு இருந்தால் அதை இரட்டை அச்சு என்று சொல்லாதீர்கள். மோர்கன் டாலரில் அவற்றைக் கையால்தான் அச்சில் தட்டிப் பதித்தார்கள். முதல் தட்டு பிசகினால் மறுபடி தட்டுவார்கள். 1900-ஆம் ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் காசு சிலவற்றில் 'ஓ' எழுத்துக்கு அடியில் 'சிசி' தெரிவதற்கும் இதுபோலத்தான் காரணம். கார்சன் சிட்டியில் காசடிப்பு நின்றபின் மிஞ்சிய அச்சுகளை வீணாக்காமல் மேலே 'ஓ' தட்டி அனுப்பினார்கள்.

இயல்பான காசு எப்படி இருக்கும் என்று தெரியாமல் வேட்டையில் இறங்குவது அடுத்த தவறு. டாலரை இடவலமாகத் திருப்பினால் கழுகு தலைகீழாக நிற்கும். அமெரிக்கக் காசுகள் எல்லாமே அப்படித்தான்; அது பிழையன்று. நியூ ஆர்லியன்ஸ் காசுகளில் காதுக்கு மேலுள்ள முடியும் கழுகின் மார்பும் மழுங்கியிருப்பதும் சாதாரணம், அடிப்பில் விசை போதவில்லை. 1921 டாலர் ஆழமில்லாமல் இருப்பதற்கும் காரணம் உண்டு: பழைய மூல அச்சுகள் அழிக்கப்பட்டிருந்ததால் புதிதாகச் செய்தார்கள். அந்த ஆண்டின் ஃபிலடெல்ஃபியா காசு கிடைத்தால் முகத்தை விட்டு விளிம்பைப் பாருங்கள். வழக்கமாக 189 வரிகள் இருக்கும். சிலவற்றில் 157 மட்டும், இடைவெளி அகலமாக. பலர் விளிம்பைப் பார்ப்பதே இல்லை.

1878-இல்தான் கற்க வேண்டியது நிறைய. முதலில் கழுகுக்கு எட்டு வால் இறகுகள் வைத்து அடித்தார்கள். பிறகு ஏழாக்கினார்கள். எட்டு இறகு அச்சுகள் சிலவற்றின் மேலேயே ஏழு இறகு மூல அச்சை அழுத்தியதால், ஏழு இறகுக்குக் கீழே பழைய இறகுகளின் நுனிகள் எட்டிப் பார்க்கும். அந்த நுனிகளை எண்ணாமல் 'ஏழு, அவ்வளவுதான்' என்று வைத்துவிடுகிறார்கள். கழுகின் காலிலுள்ள அம்புகளின் இறகையும் கவனியுங்கள். மேலேயுள்ள அம்பின் மேல் இறகு தண்டுக்கு இணையாக இருந்தால் அது 1878-இன் பின்புற வடிவம், சாய்ந்திருந்தால் 1879-இன் பின்புற வடிவம். 1879 சான் ஃபிரான்சிஸ்கோ டாலரில் இணையான இறகு தென்பட்டால் கீழே வைக்காதீர்கள், அது அரியது.

எனக்கு மிகப் பிடித்தது அச்சு மோதல். நடுவில் தகடு இல்லாமல் இரண்டு அச்சும் ஒன்றையொன்று அடித்தால் ஒன்றின் தடம் மற்றதில் பதியும். 1889, 1891 நியூ ஆர்லியன்ஸ் காசுகள் சிலவற்றில் கழுகின் வாலுக்குக் கீழே ஓர் 'ஈ' எழுத்து மேடாக நிற்கும். எப்படி வந்தது? தலைப்பட்டையிலுள்ள 'லிபர்ட்டி' என்ற சொல் காசில் பள்ளம். அதனால் அச்சில் அது துருத்திக்கொண்டிருக்கும். மோதியபோது அந்த 'ஈ' எதிர் அச்சில் பதிந்துவிட்டது. இதை அறியாதவர்கள், யாரோ எழுத்தைத் தட்டிவிட்டார்கள் என்று ஒதுக்கிவிடுவார்கள்.

போலியை வகை என்று நம்பிவிடுவதும் உண்டு. 1896, 1900, 1902 ஆண்டுகளின் சிறிய 'ஓ' குறி கொண்ட டாலர்களைப் பல காலம் அரிய வகையாக விற்றார்கள். அவை பழங்காலக் கள்ளக் காசுகள் என்பது 2005-இல் வெளிவந்தது. 1899-இன் சிறிய 'ஓ' மட்டும் அசல். 1893 சான் ஃபிரான்சிஸ்கோ டாலரோ ஒரு லட்சம்தான் அடித்தது. சாதாரண 1893 காசில் அந்தச் சாலையின் குறியான 'எஸ்' எழுத்தை ஒட்டி விற்கிறார்கள். அசல் காசுகளின் முகப்பக்கம் முழுக்க ஒரே அச்சில் அடித்தது. 'லிபர்ட்டி'யின் 'டி' எழுத்தின் மேற்பகுதியில் சாய்வான ஒரு மெல்லிய கோடு இருக்க வேண்டும். குறியைப் பார்ப்பதற்கு முன் அதைப் பாருங்கள்.

தயவுசெய்து காசைத் தேய்க்காதீர்கள். வெள்ளிக் குத்துவிளக்குக்கு விபூதி போட்டுத் தேய்க்கும் கை இதற்கும் நீளும். ஒரே தேய்ப்பில் மெல்லிய அச்சு வரிகளும் அடித்தபோது வந்த மினுமினுப்பும் போய்விடும். பிறகு நிபுணர்களாலும் எதையும் சொல்ல முடியாது.

விலை விஷயத்தில், வாம் எண் இருக்கிறது என்பதற்காகக் கூடுதல் பணம் தராதீர்கள். வான் ஆலன், மாலிஸ் என்ற இருவரின் பெயரெழுத்துகளில் அமைந்த அந்த அச்சு வகைப் பட்டியலில் ஆயிரக்கணக்கான வகைகள் உள்ளன. தேடி வாங்கப்படுபவை கொஞ்சம்தான். அடிப்பு எண்ணிக்கையும் முழுமையாக உதவாது. 1918-இன் பிட்மன் சட்டத்தின்படி 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. இந்தியாவில் காகித நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்டு மக்கள் நெருக்கியடித்த காலம் என்பதால், அந்த வெள்ளியில் பெரும்பகுதி இந்தியாவுக்காக பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. எந்த ஆண்டுக் காசு எத்தனை உருகியது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. 1903 நியூ ஆர்லியன்ஸ் டாலர் 44.5 லட்சம் அடித்தும் பல்லாண்டுகள் அரியதிலும் அரியதாகவே கருதப்பட்டது. 1962-இல் அரசுப் பெட்டகத்திலிருந்து மூட்டை மூட்டையாக அது வெளிவந்ததும் விலை சரிந்தது.