எம்.பி. ஒருவரின் பொதுவாழ்க்கையை ஆவணங்களில் படிப்பது எப்படி?

தேர்தல் நெருங்கினால் போதும், "எத்தனை நாள் அவைக்கு வந்தார், எத்தனை கேள்வி கேட்டார்" என்று அட்டவணைகள் வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிடும். எண்கள் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நாட்களில் அவர் என்ன பதவியில் இருந்தார் என்று பார்க்காவிட்டால் முடிவு தலைகீழாகப் போய்விடும். ஆகவே முதலில் ஒரு தாளில் அவர் வகித்த பதவிகளைத் தேதியோடு வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள்: உறுப்பினர், இணையமைச்சர், கேபினட் அமைச்சர், குழுத் தலைவர். நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் உறுப்பினரின் தன்விவரப் பக்கத்தைத் திறந்தால் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

தேடும்போது தமிழ்ப் பெயர்கள் கொஞ்சம் படுத்தும். இனிஷியல் விரிந்திருக்கும், அப்பா பெயர் குடும்பப் பெயராக முன்னால் வந்திருக்கும், ஆங்கில எழுத்துக்கூட்டல் நாம் நினைப்பதுபோல இருக்காது. டி.ஆர். பாலுவை ஒரே 'ஏ' போட்டுத் தேடினால் கிடைக்க மாட்டார். Baalu என்று இரண்டு போட வேண்டும். சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர், கோயம்புத்தூர்க்காரர் ஆர்.கே. சண்முகம் செட்டியார், பழைய ஆவணங்களில் 'சண்முகம் செட்டி' என்ற பெயரில்தான் இருக்கிறார். பெயரைவிடத் தொகுதியையும் ஆண்டையும் வைத்துத் தேடுவதே நல்லது. பிரமாணப் பத்திரம் தேடும்போது கட்சியையும் தந்தை பெயரையும் சரிபாருங்கள். 2024இல் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் என்ற அதே பெயரில் பல சுயேச்சைகள் நின்றது நினைவிருக்கும்.

அடுத்து படிவம் 26. வேட்புமனுவோடு தரும் இந்தப் பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத் தளத்தில் ஸ்கேன் பிரதியாகக் கிடைக்கும். சுருக்கத் தளங்களை நம்பி நின்றுவிடாமல் மூலப் பிரதியைத் திறங்கள். சொத்து 5 ஆண்டில் இரண்டு மடங்கு என்ற தலைப்புச் செய்திகள் இங்கேதான் பிறக்கின்றன. அசையாச் சொத்துப் பகுதியில் சர்வே எண், பரப்பளவு, சொந்தமாக வாங்கியதா பரம்பரையா, வாங்கிய தேதி, வாங்கிய விலை, இன்றைய தோராயச் சந்தை மதிப்பு எல்லாம் தனித்தனியாக இருக்கும். முந்தைய தேர்தலின் பத்திரத்தைப் பக்கத்தில் வைத்து, சர்வே எண்ணுக்குச் சர்வே எண் ஒப்பிடுங்கள். பழைய எண்ணே இருந்து மதிப்பு மட்டும் ஏறியிருந்தால் அது நிலத்தின் விலையேற்றம். புதிய எண் வந்திருந்தால் வாங்கிய தேதியையும் விலையையும் பாருங்கள். அதே பத்திரத்தில் உள்ள 5 ஆண்டு வருமானவரிக் கணக்கோடு அது பொருந்துகிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. குடும்பத்தினரின் வருமானமும் கடன்களும் அங்கேயே இருக்கின்றன, அவற்றையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

வழக்குகளின் எண்ணிக்கையும் தனியாக ஒன்றும் சொல்லாது. பழைய தண்டனைச் சட்டத்தின் 143, 188, 341 பிரிவுகள் மறியல், ஆர்ப்பாட்டம் நடத்திய எவர் மீதும் விழுபவை. பிரிவையும், நீதிமன்றம் குற்றச்சாட்டு பதிவு செய்துவிட்டதா என்பதையும் பாருங்கள். பத்திரத்தில் எந்தக் கட்டத்தையும் வெறுமனே விடக்கூடாது, 'இல்லை' என்றாவது எழுத வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொல்லிவிட்டது.

இனி அவைப் பணி. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகளும் (அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்பவை) 230 குறியில்லாத கேள்விகளும் (எழுத்தில் மட்டும் பதில் வருபவை) பட்டியலாகும். எவை இடம்பெறும் என்பது குலுக்கல். ஆகவே எண்ணிக்கையை விட்டுவிட்டு ஒரு பத்துக் கேள்விகளை முழுதாகப் படியுங்கள். தொகுதியையோ ஒரு துறையையோ விடாமல் துரத்துகிறாரா, அல்லது எந்த எம்.பி.யும் கேட்கக்கூடிய "திட்டத்தின் விவரம் என்ன" ரகமா என்று உடனே தெரிந்துவிடும். அமைச்சர்கள் கேள்வி கேட்பதில்லை, வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுவதும் இல்லை. அவர்களுக்கு நேராகப் பூஜ்யம் இருந்தால் சோம்பல் என்று பொருளல்ல. உரைகளைப் படிக்கும்போது, தமிழில் பேசியது ஆங்கில மொழிபெயர்ப்பாகப் பதிவாகி, அடியில் நட்சத்திரக் குறிப்பு இருக்கும். சொல்லழகை அதில் எடைபோடாதீர்கள்.

அமைச்சரல்லாத எம்.பி. கொண்டுவரும் தனிநபர் மசோதாக்களைச் சட்டமானதா என்று அளக்கக் கூடாது. 1970க்குப் பிறகு ஒன்றுகூடச் சட்டமாகவில்லை. திருநங்கையர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதா 2015இல் மாநிலங்களவையில் நிறைவேறியதே பெரிய விஷயம். மக்களவையைத் தாண்டவில்லை; 2019இல் அரசு தன் மசோதாவைத்தான் சட்டமாக்கியது.

தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி. எம்.பி. பரிந்துரைப்பார், நிறைவேற்றுவது மாவட்ட நிர்வாகம். செலவாகாத பணம் எங்கே தேங்கியது என்பதைப் பரிந்துரைத் தேதியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கொரோனா காலத்தில், 2020 ஏப்ரல் முதல் 2021 நவம்பர் வரை, நிதியே நிறுத்தப்பட்டிருந்தது. அந்த மக்களவையை முந்தையதோடு நேருக்கு நேர் ஒப்பிடுவது அபத்தம்.

சர்வதேசப் பதவிகளில்தான் பில்டப் அதிகம். மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் குறையும். ஒன்று, நாற்காலியோடு வருவது: நிதியமைச்சர் யாரானாலும் பன்னாட்டு நிதியத்தில் இந்தியாவின் ஆளுநர் அவரே. இரண்டாவது, நாடுகளோ நாடாளுமன்றங்களோ தேர்ந்தெடுப்பது. இதிலும் போட்டி எவ்வளவு, சுழற்சி எவ்வளவு என்று பார்க்க வேண்டும். 2020 மே மாதம் அப்போதைய மத்திய சுகாதார அமைச்சர் ஹர்ஷ் வர்தன் உலக சுகாதார நிறுவன நிர்வாகக் குழுவின் தலைவரானபோது, அவரே அந்த நிறுவனத்துக்குத் தலைவர் என்று செய்தி பரவியது. உண்மையில் அது பிராந்தியச் சுழற்சியில் வரும் ஓராண்டுப் பொறுப்பு. நிறுவனத்தை நடத்துபவர் தலைமை இயக்குநர். மூன்றாவது, ஐ.நா. ஊழியராகவே பணியாற்றுவது. சசி தரூர் 1978இல் ஐ.நா.வில் சேர்ந்து துணைப் பொதுச்செயலாளர் பொறுப்புவரை உயர்ந்தார். ஐ.நா. சாசனத்தின் 100ஆம் பிரிவுப்படி அந்த ஊழியர்கள் எந்த அரசின் கட்டளையையும் ஏற்கக் கூடாது. ஆகவே அந்த ஆண்டுகளை "இந்தியாவின் சார்பில் பணியாற்றினார்" என்று எழுதுவது தவறு. 2006இல் பொதுச்செயலாளர் பதவிக்கு அவரை நிறுத்தியது இந்திய அரசு. 2009இல் அவர் திருவனந்தபுரம் எம்.பி. ஆனார். ஐ.நா. ஊழியராக இருந்த ஆண்டுகளையும் இவற்றையும் தாளில் வேறு வேறு வரிகளாக எழுதுங்கள்.

"ஐ.நா.வில் உரையாற்றினார்" என்று மட்டும் இருந்தால் எந்த அவை, எந்தக் குழு, எந்தத் தகுதியில் என்று கேளுங்கள். பொதுச்சபைக்குச் செல்லும் இந்தியக் குழுவில் எம்.பி.க்களும் சேர்க்கப்படுவதுண்டு. ஐ.நா. வளாகத்துக்குள் ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் பக்கக் கூட்டத்தில் பேசிவிட்டு வருவதும் உண்டு. முன்னதற்கு ஐ.நா.வின் கூட்டக் குறிப்பில் பெயர் இருக்கும். பின்னதற்குப் பெரும்பாலும் போட்டோ மட்டுந்தான் இருக்கும்.